நெஞ்சும் முதுகும் கிழிக்கும் நோ: திருகோணமலையில் இருந்துகொண்டு முதலில் எந்தப் படம் எடுப்பது?

உட்துறைமுக எம்.ஓ. – செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவ அதிகாரியாக (எம்.ஓ.) வேலை செய்கிறேன். பெருநாடி, அதாவது இதயத்தில் இருந்து உடம்புக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய், கிழிவதைப் பற்றிப் பல வருடமாக மனதில் கிடக்கும் ஒரு விடயத்தை இங்கே கதைக்க வேண்டும். ஆளை அடையாளம் காணக்கூடிய விபரங்களைத் தவிர்த்திருக்கிறேன், வைத்தியசாலையின் பெயரும் வேண்டாம்.

ஐம்பது தாண்டிய ஒரு கடற்றொழிலாளி. விடியப்புறம் படகு எஞ்சினைத் தூக்கும்போது இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் சட்டென்று நோ. கொண்டுவந்த நேரம் உடம்பெல்லாம் வியர்வை. ஈ.சி.ஜி.யில் இதயத்தின் கீழ்ச்சுவர் மாரடைப்புப் போல எஸ்.டி. என்ற கோட்டுப் பகுதி உயர்ந்திருந்தது. இரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி மருந்தைக் கலக்கத் தொடங்கிவிட்டோம். அப்போது தாதி மிஸ் ஒருவர் மற்றக் கையிலும் பிரஷர் பார்த்துவிட்டு, "டொக்டர், இந்தக் கையில் 170, அந்தக் கையில் 115" என்றார். ஊசியை அப்படியே நிறுத்தினோம். பெருநாடியின் உட்சுவர் கிழிந்து, அந்தக் கிழிவு இதயத்துக்கே இரத்தம் கொடுக்கும் வலது முடியுரு நாடியின் வாயையும் அடைத்தால் ஈ.சி.ஜி. இப்படித்தான் வரும். அந்த நிலையில் கட்டைக் கரைக்கும் மருந்து ஏற்றுவது ஆளைக் கொல்லும்.

அதுவரை சரியாகத்தான் போனது. அதற்குப் பிறகுதான் பிழை விட்டோம். எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) பார்க்க ஆளைத் தேடினோம். எக்ஸ்ரே எடுத்தோம், அதில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, அதைப் பார்த்துக் கொஞ்சம் ஆறுதலும் பட்டோம். சி.டி.க்கு அனுப்பலாம் என்றபோது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை முடிவு வேண்டும் என்றார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. கடைசியில் படம் எடுத்து, ஏறுபெருநாடியில் (இதயத்தில் இருந்து மேலே ஏறும் பகுதியில்) கிழிவு என்று கண்டு, கொழும்புக்கு அனுப்பினோம். கந்தளாய் தாண்டும்போது பிரஷர் விழுந்தது. ஹபரணைக்கு முன்னமே முடிந்துவிட்டது.

என் கேள்வி இதுதான். இதய அறுவைச் சிகிச்சை நிபுணர் பக்கத்தில் இல்லாத ஊரில், பெருநாடி என்ற சந்தேகம் வந்த நிமிடத்தில் இருந்து எந்தப் படத்துக்குப் போவது, எதற்காகக் காத்திருக்கக் கூடாது? என் கருத்தை முதலே சொல்கிறேன். கழுத்தடியில் இருந்து தொடையடி வரை, கொன்ட்ராஸ்ட் (இரத்தக்குழாயைப் படத்தில் வெளிச்சமாகக் காட்டும் மருந்து) ஏற்றிய சி.டி. மற்றதெல்லாம் அது ஓடும் வரை பக்கத்தில் நடக்க வேண்டியவை. மாற்றுக்கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள்.


உப்புவெளி ரேடியோகிராபர் – செவ்வாய், இரவு 10.15

டொக்டர், மெஷின் பக்கத்தில் நிற்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். எங்களுக்கு வரும் துண்டில் பெரும்பாலும் "சி.டி. செஸ்ட்" என்று மட்டும்தான் இருக்கும். அந்த இரண்டு சொல்லை வைத்து நான் பெருநாடிப் படம் எடுக்க முடியாது. நுரையீரல் நாடியில் கட்டு தேடும்போது மருந்து ஓடும் நேரம் வேறு, பெருநாடிக்கு வேறு. நேரம் தப்பினால் பெருநாடி சாம்பல் நிறமாகத்தான் தெரியும், கிழிந்த சவ்வு அதற்குள் ஒளிந்துவிடும். "பெருநாடிக் கிழிவு சந்தேகம்" என்று எழுதுங்கள், அல்லது போனில் சொல்லுங்கள். எழுத்தைவிட போன் நல்லது. நோயாளி வரும் முன்னமே மேசையைக் காலியாக்கி வைப்பேன்.

கனுலா (மருந்து ஏற்ற நாளத்தில் குத்தும் குழாய்) வலது முழங்கை மடிப்பில், 18 கேஜ், பச்சை நிறம். மருந்து நொடிக்கு 4 அல்லது 5 மில்லிலீட்டர் வேகத்தில் போக வேண்டும், புறங்கையில் குத்திய சின்னக் கனுலா அதைத் தாங்காது. ஏன் வலது கை? இடது கையால் ஏற்றினால் செறிந்த மருந்து பெருநாடி வளைவுக்கு முன்னால் குறுக்கே போகும் நாளம் வழியாகத்தான் இதயத்துக்கு வரும். அதன் பளபளப்பு வளைவின் மேல் கோடு கோடாக விழும். கிழிவு இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டிய அதே இடத்தில்.

அப்புறம், மருந்து ஏற்றாமல் நெஞ்சுக்கு ஒரு முறை ஓட்டுவதை விடாதீர்கள். ஒரு நிமிடம் கூட ஆகாது.

கிரியேட்டினின் விடயத்தில் என்னையும் திட்ட வேண்டாம். முடிவு இல்லாமல் மருந்து ஏற்றி, பிறகு சிறுநீரகம் பழுதானால் கேள்வி எங்களிடம்தான் வரும் என்ற பயம் எல்லா இடத்திலும் இருக்கிறது. எழுத்தில் ஒரு ஒழுங்கு இருந்தால் நான் காத்திருக்க மாட்டேன்.


திருமலைக்காரன், கண்டியில் – செவ்வாய், இரவு 11.05

உப்புவெளித் தம்பி சொன்ன கனுலா விடயத்தைப் பல இடங்களில் பாடமாக எடுக்க வேண்டும்.

நான் கதிரியல் பிரிவில் இருக்கிறேன். கிரியேட்டினின் பற்றி நேராகச் சொல்கிறேன். உயிர் போகக்கூடிய நோயைத் தேடும்போது அந்த முடிவுக்காக ஸ்கேனை நிறுத்துவதில்லை. இரத்தத்தை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிட்டு நோயாளியை மேசையில் ஏற்றலாம். கிழிவு சிறுநீரக நாடிக்குள் இறங்கினால் அந்தச் சிறுநீரகம் எப்படியும் சாகும், அதைக் காப்பாற்றவும் இந்தப் படம்தான் வேண்டும். இதைக் கொன்சல்டன்ட் கையொப்பத்துடன் ஒரு பக்கத்தில் எழுதி சி.டி. அறைச் சுவரில் ஒட்டுங்கள். ரேடியோகிராபர் தனியாகச் சுமக்க வேண்டிய முடிவு அல்ல இது.

மருந்தில்லாத முதல் ஓட்டம் ஏன் என்றால், பெருநாடிக் கிழிவு மட்டும் நோயல்ல. உட்சுவர் கிழியாமலே சுவருக்குள் இரத்தம் கட்டி நிற்கும் நிலை ஒன்று உண்டு. மருந்தில்லாத படத்தில் அது சுவர் ஓரமாகப் பிறை போல வெள்ளையாகத் தெரியும். மருந்து ஏற்றிய பிறகு பக்கத்து வெளிச்சத்தில் அந்தப் பிறை மங்கிவிடும், சும்மா தடித்த சுவர் என்று விட்டுவிடுவோம். பழைய காலத்தில் சத்திரசிகிச்சைக்கு முன் எல்லோருக்கும் குழாய் விட்டு எடுத்த அஞ்சியோகிராம் தவறவிட்டதும் இதைத்தான். அது உள்ளே ஓடும் இரத்தத்தை மட்டும் காட்டும், சுவரைக் காட்டாது.

இன்னொரு பொறி இருக்கிறது. பெருநாடி அடி இதயத்தோடு சேர்ந்து துள்ளும். ஈ.சி.ஜி.யோடு இணைக்காமல் எடுத்த படத்தில் அந்தத் துள்ளல் இரட்டைக் கோடாக விழுந்து, கிழிவு போலவே ஏமாற்றும். இணைத்து எடுக்க வசதி இருந்தால் எடுங்கள். இல்லாவிட்டால், சந்தேகமான கோடு அடியில் மட்டும் இருக்கிறதா, மேலேயும் தொடர்கிறதா, இரு வேறு தளத்தில் பார்த்தாலும் நிற்கிறதா என்று பாருங்கள். மூச்சை அடக்கச் சொன்னால் அடக்கக்கூடிய நிலையில் ஆளை வைத்திருப்பதும் பாதி வேலை.

எம்.ஓ. தம்பியுடன் ஒரு இடத்தில் மட்டும் உடன்பட மாட்டேன். நெஞ்சு நோ என்று வருகிற எல்லோருக்கும் இதைச் செய்தால் வரிசையில் உண்மையான நோயாளி பின்னால் நிற்பார். யாருக்கு என்று முதலில் பிரிக்க வேண்டும்.


பாலையூற்று, இறுதியாண்டு – புதன், காலை 6.20

வணக்கம் டொக்டர்மாரே. நான் மட்டக்களப்பில் மருத்துவம் படிக்கிறேன், விடுமுறையில் வீட்டில் நிற்கிறேன். எக்ஸ்ரேயில் நடு நெஞ்சு அகன்றிருக்கும் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அது இல்லாவிட்டால் நோய் இல்லை என்று எடுக்கலாமா? டி-டைமர் இரத்தப் பரிசோதனையால் பிரிக்க முடியாதா?


உட்துறைமுக எம்.ஓ. – புதன், காலை 7.05

எடுக்கவே கூடாது தங்கச்சி. நான் அன்று ஆறுதல்பட்டது அந்த எக்ஸ்ரேயைப் பார்த்துத்தான். 1996இல் தொடங்கிய சர்வதேசப் பெருநாடிக் கிழிவுப் பதிவேட்டின் முதல் பெரிய கட்டுரை 2000இல் வந்தது, 464 நோயாளிகள். அதில் சுமார் 12% பேரின் எக்ஸ்ரே முழுதும் சாதாரணம். ஈ.சி.ஜி. மூன்றில் ஒருவருக்குக் கிட்ட சாதாரணம். நாடித்துடிப்பு ஒரு பக்கம் குறைந்திருந்தது 15% பேரில் மட்டும். பாடப்புத்தகத்தில் இருக்கும் "கிழிக்கும் நோ"வைவிட "கூரான நோ" என்றுதான் கூடப் பேர் சொல்லியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட 85% பேரில் பொதுவாக இருந்தது ஒன்றுதான், நோ சட்டென்று தொடங்கியது. ஆகவே "எப்ப தொடங்கினது, அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தீங்கள்" என்ற கேள்வியைக் கேட்காமல் விடாதே. நிமிடம் சொல்லக்கூடியவர் என்றால் எச்சரிக்கையாக இரு.

கண்டி அண்ணை சொன்ன பிரிப்புக்கு ஒரு புள்ளி முறை இருக்கிறது. மூன்று கூடை. ஆளுக்கு மார்பான் நோய் (உடலின் இணைப்புத் திசு பலவீனமாகும் பரம்பரை நோய்), குடும்பத்தில் பெருநாடி நோய், ஏற்கெனவே வீக்கம் இப்படி ஏதாவது இருந்தால் ஒரு புள்ளி. நோ சட்டென்று, கடுமையாக, அல்லது கிழிப்பது போல் வந்தால் ஒன்று. பரிசோதனையில் இரு கை பிரஷர் வித்தியாசம், நாடி குறைவு, நோவுடன் பக்கவாதக் குறி, புதிய வால்வு ஒழுக்குச் சத்தம், அதிர்ச்சி நிலை இவற்றில் ஏதாவது இருந்தால் ஒன்று. இரண்டோ மூன்றோ வந்தால் டி-டைமர் பார்க்கத் தேவையில்லை, நேரே ஸ்கேன். ஒன்றோ பூச்சியமோ என்றால் டி-டைமர் 500க்குக் கீழ் இருந்தால் பெருநாடியை ஒதுக்கலாம். 1850 நோயாளிகளை வைத்துச் செய்து 2018இல் வெளியான ஆய்வில், அப்படி ஒதுக்கியவர்களில் சுமார் 300 பேருக்கு ஒருவரைத்தான் தவறவிட்டார்கள். ஆனால் அந்த ஆய்வு பெருநாடி என்று ஏற்கெனவே சந்தேகப்பட்டவர்களில் நடந்தது. சந்தேகமே இல்லாதவருக்கு டி-டைமர் போட்டால் காய்ச்சல், புற்றுநோய், கர்ப்பம், வயது எல்லாம் அதை உயர்த்தும், பிறகு தேவையில்லாத ஸ்கேன்தான் கூடும்.


எக்கோ அறை – புதன், மதியம் 1.30

எக்கோவைப் பற்றி யாரும் சரியாகச் சொல்லவில்லை, ஆகவே கொஞ்சம் நீட்டுகிறேன்.

நெஞ்சின் மேல் வைத்துப் பார்க்கும் எக்கோவை உறுதி செய்யப் பாவியுங்கள், ஒதுக்கப் பாவிக்காதீர்கள். ஏறுபெருநாடியில் கிழிவு இருந்தால் நூறு பேரில் 77 முதல் 80 பேரில் தெரியும் என்று ஐரோப்பிய வழிகாட்டி சொல்கிறது. அதாவது ஐந்தில் ஒருவரைத் தவறவிடுவோம். இறங்குபெருநாடிக்கு இன்னும் மோசம். ஆனால் கட்டிலடியில் இரண்டு நிமிடத்தில் நான்கு விடயம் பார்க்கலாம்: பெருநாடி அடி 4 சென்டிமீட்டருக்கு மேலா, இதய உறைக்குள் நீரா, வால்வு ஒழுகுகிறதா, உள்ளே ஆடும் சவ்வு தெரிகிறதா. தொண்டைக்குழிக்கு மேலே ப்ரோபை (உடம்பில் வைக்கும் அல்ட்ராசவுண்ட் கருவியை) வைத்து வளைவையும் பாருங்கள், பலர் அதைச் செய்வதில்லை. இவற்றில் ஒன்று கிடைத்தாலும் கொழும்புக்கு போன் எடுக்க ஸ்கேன் முடியும் வரை இருக்க வேண்டாம்.

உணவுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் எக்கோ திறமையில் சி.டி.க்குக் குறைந்ததல்ல. 2006இல் வந்த ஒரு தொகுப்பாய்வில் அது, சி.டி., எம்.ஆர்.ஐ. மூன்றுமே 98க்கும் 100க்கும் இடையில் கிழிவைப் பிடித்தன. அப்படியென்றால் ஏன் அதை முதலில் செய்வதில்லை? ஒன்று, மூச்சுக்குழாய் நடுவில் காற்றோடு நிற்பதால் ஏறுபெருநாடியின் மேல்முனை அதற்குத் தெரியாது. இரண்டு, தொண்டையில் குழாய் இறங்கும்போது ஓங்காளித்தால் பிரஷர் ஏறும், கிழிந்த பெருநாடிக்கு அது நல்லதல்ல. மூன்று, இரவு 2 மணிக்கு அதைச் செய்யத் தெரிந்தவர் வேண்டும். சி.டி.க்கே கொண்டுபோக முடியாத அளவுக்கு ஆடிப்போன நோயாளி, மயக்கமருந்து கொடுத்துத் தியேட்டருக்குள் இருப்பவர், இவர்களுக்குத்தான் அது முதல் தெரிவு.

எம்.ஓ. சொன்ன கதையில் எக்கோவுக்கு ஆள் தேடிய நேரம்தான் எனக்கு வலிக்கிறது. எக்கோ பார்ப்பவர் வீட்டில் என்றால் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே நோயாளியைத் தள்ளிக்கொண்டு போங்கள்.


மூதூர் தாதி – புதன், மாலை 4.50

அந்த இரண்டாவது கையில் பிரஷர் பார்த்த மிஸ்ஸுக்கு என் வணக்கம். எங்கள் பிரிவில் நெஞ்சு நோ என்றால் இரு கையும் பார்ப்பது இப்போது பழக்கம். 20க்கு மேல் வித்தியாசம் என்றால் உடனே சொல்வோம்.

ஸ்கேன் அறைக்குப் போகும்போது நோயாளி வேதனையில் துடித்துக்கொண்டு போகக் கூடாது. மோர்பின் கொடுங்கள். துடிப்பை 60 பக்கம், மேல் பிரஷரை 100 முதல் 120க்குள் கொண்டுவர லபெட்டலோல் போன்றதைத் தொடங்குங்கள். முதலில் துடிப்பு, பிறகு பிரஷர், மாறிச் செய்தால் இதயம் வேகமாக அடித்துக் கிழிவை இழுக்கும். பிரஷர் விழுந்தவருக்கு இது பொருந்தாது, அவருக்கு ஏன் விழுந்தது என்று எக்கோவில் பார்க்க வேண்டும். பிரஷர் கூடின கையைத்தான் நம்ப வேண்டும். மொனிட்டரும் ஒரு தாதியும் ஒரு டொக்டரும் கூடப் போக வேண்டும். அட்டெண்டனை மட்டும் வைத்துத் தள்ளிவிடாதீர்கள்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை எங்கள் பக்கத்து நோயாளி பாதையில் (கடலைக் கடக்கும் மிதவையில்) ஏறித்தான் அக்கரை போனார். அந்தக் காலத்தில் இதைக் கதைக்கவே இடமிருக்கவில்லை. இப்போது வாகனம் ஓடும் ரோட்டில் ஆளை இழப்பது மனதுக்குப் பொறுக்கவில்லை.


கிண்ணியா மகன் – புதன், இரவு 8.30

அஸ்ஸலாமு அலைக்கும். நான் டொக்டர் இல்லை, வாசித்துக்கொண்டு போனபோது எழுதாமல் இருக்க முடியவில்லை.

வாப்பாவுக்குப் போன வருடம் இதுதான் வந்தது. வயது 49. சுபஹு தொழுதுவிட்டு எழும்பும்போது முதுகில் கத்தி இறங்கியது போல என்றார். 1990 என்ற எண்ணுக்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிட்டோம். கொண்டுபோன இடத்தில் ஒரு இளம் டொக்டர் வயிற்றிலும் நெஞ்சிலும் சின்ன மெஷினை வைத்துப் பார்த்துவிட்டு உடனே ஸ்கேனுக்கு எடுத்தார். "சிறுநீரகத்துக்குக் கூடாத மருந்தாமே" என்று உம்மா அழுதார். அந்த டொக்டர் உட்கார்ந்து, இது தெரியாமல் விட்டால் சிறுநீரகம் இருந்தும் பயனில்லை என்று விளங்கப்படுத்தினார். அன்று இரவே கொழும்பில் ஒப்பரேஷன். அல்ஹம்துலில்லாஹ், இன்று கடையில் இருக்கிறார்.

எனக்கு இரண்டு கேள்வி. வாப்பாவுக்கு அடிக்கடி ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள், கதிர் கூடிவிடாதா? இரண்டாவது, என் சாச்சா 40 வயதில் திடீரென்று மௌத்தானவர், மாரடைப்பு என்றார்கள். எனக்கும் தம்பிக்கும் பார்க்க வேண்டுமா?


திருமலைக்காரன், கண்டியில் – புதன், இரவு 9.45

வஅலைக்குமுஸ்ஸலாம் தம்பி. வாப்பா கடையில் இருக்கிறார் என்று வாசிக்கச் சந்தோஷம்.

முழுப் பெருநாடி சி.டி. ஒன்றில் 10 முதல் 20 மில்லிசீவெர்ட் வரை கதிர் போகலாம். மண்ணில் இருந்தும் வானத்தில் இருந்தும் ஒருவருக்கு வருடத்தில் கிடைப்பது உலக சராசரியில் 2.4. அவசரத்தில் அது கணக்கே இல்லை. வருடக்கணக்கான தொடர் பரிசோதனையில்தான் கணக்கு. அங்கேதான் எம்.ஆர்.ஐ.க்கு இடம். அதில் கதிர் இல்லை, சுவரையும் ஓட்டத்தையும் அழகாகக் காட்டும். அவசரத்தில் ஏன் வேண்டாம் என்றால், அரை மணித்தியாலம் குழாய்க்குள் படுக்க வேண்டும், அந்த நேரம் மொனிட்டரும் பம்பும் கிட்டே வைக்க முடியாது, ஆள் சரிந்தால் வெளியே இழுக்கத்தான் நேரம் போகும். வாப்பாவின் அடுத்த படத்தை எதில் எடுப்பது என்று அவருடைய டொக்டரிடம் கேளுங்கள், கேட்பதில் பிழையில்லை.

இரண்டாவது கேள்விக்கு, ஆம், கட்டாயம். அறுபதுக்குக் கீழ் ஏறுபெருநாடி கிழிந்தவரின் பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் பார்க்க வேண்டும். உங்கள் சாச்சாவின் கதையும் சேர்ந்தால் இன்னும் அவசியம். முதலில் சாதாரண எக்கோ போதும், பெருநாடி அடியை நன்றாக அளக்கும். இந்தக் கிழிவை டி-பேக்கி வகை என்று பிரித்துச் சொல்வோம், அந்த மைக்கேல் டி-பேக்கிக்கே 2005 கடைசியில், 97 வயதில், இதே நோய் வந்தது. அடுத்த வருடம் பெப்ரவரியில், தான் வளர்த்தெடுத்த அறுவைச் சிகிச்சையாலேயே தப்பி 2008 வரை இருந்தார். வாப்பாவுக்கு இதைச் சொல்லுங்கள்.


நிலாவெளி சத்திரசிகிச்சை – வியாழன், காலை 5.50

நெஞ்சைப் பற்றியே கதைக்கிறீர்கள். வயிற்றுப் பெருநாடி வீங்கி வெடிப்பதும் இதே குடும்பம். அறுபது தாண்டிய, சிகரெட் குடிக்கும் ஆண், இடுப்பில் முதல்முறையாகச் சிறுநீரகக் கல் நோ என்று வந்தால், கல் என்று எழுதுமுன் வயிற்றில் ப்ரோபை வையுங்கள். பெருநாடி 3 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் வீக்கம். வீக்கத்தைக் காண அல்ட்ராசவுண்ட் மிக நல்லது, ஆனால் வெடித்து முதுகுப்பக்கம் ஒழுகிய இரத்தத்தை அது சரியாகக் காட்டாது. ஆகவே வீக்கம் இருந்து, நோவும் இருந்து, பிரஷரும் விழுந்தால், "ஒழுக்குத் தெரியவில்லை" என்ற வரியை நம்பி வார்டில் வைக்காதீர்கள். தாங்கக்கூடியவர் என்றால் சி.டி., தாங்காதவர் என்றால் நேரே தியேட்டர். சேலைனை அள்ளி ஊற்றவும் வேண்டாம், ஆள் கதைக்கும் அளவு பிரஷர் போதும்.


பாலையூற்று, இறுதியாண்டு – வியாழன், காலை 8.10

கர்ப்பிணி என்றால்?


எக்கோ அறை – வியாழன், காலை 8.40

கடைசி மூன்று மாதத்திலும் பிள்ளை பெற்ற பிறகும்தான் இது வருவது கூட. நிதானமாக இருந்தால் காடோலினியம் (எம்.ஆர்.ஐ.க்கான கொன்ட்ராஸ்ட்) ஏற்றாத எம்.ஆர்.ஐ., அல்லது உணவுக்குழாய் எக்கோ. அந்த இரண்டும் அந்த நேரத்தில் கிடைக்காவிட்டால் சி.டி. எடுங்கள். தாய் போனால் பிள்ளையும் போகும்.


உட்துறைமுக எம்.ஓ. – வெள்ளி, இரவு 10.30

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் பிந்தி எழுதுகிறேன், இடையில் எங்கள் பிரிவில் உட்கார்ந்து பேசினோம். கிரியேட்டினினுக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்ற பக்கத்தில் கொன்சல்டன்ட் இன்று கையொப்பம் வைத்தார். சி.டி. துண்டில் "பெருநாடி" என்று தனியாக ஒரு பெட்டி அடித்திருக்கிறோம். நெஞ்சு நோவுக்கு வலது கை, பச்சைக் கனுலா என்று தாதிமாரே தொடங்கிவிட்டார்கள். படத்தைக் கொழும்புக்கு முன்கூட்டி அனுப்பும் வழிதான் இன்னும் சரிவரவில்லை. இப்போதைக்கு இறுவட்டில் பதிந்து நோயாளியோடு அனுப்புகிறோம், முக்கியமான நான்கைந்து படத்தைப் பெயரை மறைத்து அங்கிருக்கும் டொக்டருக்குக் காட்டுகிறோம். வேறு வழி செய்திருப்பவர்கள் எழுதுங்கள்.

அறுவைச் சிகிச்சை இல்லாமல் மருந்து மட்டும் கொடுத்து வைத்திருக்கும் ஏறுபெருநாடிக் கிழிவில், முதல் இரண்டு நாளில் மணிக்கு 0.5% பேர் இறக்கிறார்கள் என்று புதிய பதிவேட்டுக் கணக்கு சொல்கிறது. முன்பு 1 முதல் 2 என்று படித்தோம். குறைந்திருக்கிறதுதான், ஆனாலும் அந்த ஒரு மணித்தியாலத்தை நான் மறக்கவில்லை.


கிண்ணியா மகன் – ஞாயிறு, மாலை 6.15

எக்கோ பார்த்தோம். எனக்கு 3.3, பயமில்லை என்றார்கள். தம்பிக்கு 4.3 சென்டிமீட்டர். இப்போதைக்கு ஒப்பரேஷன் இல்லை, பிரஷர் குளிசை தந்திருக்கிறார்கள், சீமெந்து மூட்டை தூக்கும் வேலையை விடச் சொன்னார்கள், கடையில் வாப்பாவோடு இருக்கச் சம்மதித்துவிட்டான். முழுப் பெருநாடியையும் ஒருமுறை பார்க்க செவ்வாய்க்கிழமை சி.டி. இது அவசரமில்லாத ஸ்கேன் என்பதால் கிரியேட்டினினுக்கு நேற்றே இரத்தம் கொடுத்துவிட்டான். ஊசி வலது கையில் போடச் சொல்லிக் கேட்கப் போகிறேன்.